கேன் வண்டியில் ஒரு படுக்கை

தண்ணீர் கேன்காரர் தன் வண்டிக்குள் மல்லாந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். உச்சி வெயில். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி மாற்றிக்கொண்டிருந்தேன். எதிரே வெல்டிங் பட்டறை வாசலில் அவருடைய மூணு சக்கர லோடு வண்டி நின்றது. பின்தட்டில் காலை நீட்டி, கண்ணை மூடி, ஆடாமல் அசையாமல் கிடந்தார். வெயிலில் மயங்கிவிட்டாரோ என்று பதறி, இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"தம்பி! என்னாச்சு தம்பி?"

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "சத்தம் போடாதீங்கக்கா. அளவு எடுத்துக்கிட்டிருக்கோம்."

பட்டறைக்காரன் அவர் தலைமாட்டில் குந்தி, தகரத்தில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். "அண்ணே, அசையாதீங்க. கோடு கோணலாப் போகுது."

"யாருக்கு அளவு? எதுக்கு அளவு?"

"துரைக்குப் படுக்கை" என்றார் கேன்காரர், படுத்தபடியே.

"துரைக்குன்னா துரையை இல்ல அளக்கணும்? உங்களை ஏன் படுக்கப் போட்டிருக்கான் இவன்?"

"அவனை எறக்கிக் கொண்டாரணும்னா நாலு பேர் வேணும். முடிஞ்ச பிறகு ஒரே தடவையா எறக்கிக்கலாம்." எழுந்து உட்கார்ந்து, சட்டைத் தூசியைத் தட்டினார். முகத்தில் புது மாப்பிள்ளை வெட்கம். "அதோட, சொல்லாம செஞ்சு காட்டணும்னு ஒரு ஆசைக்கா. விழுறப்ப என் தோள் உயரம் இருந்தான். இப்ப வளர்ந்திருந்தாலும் காது வரைக்கும் வருவானா? எனக்குச் சரியா இருந்தா அவனுக்குத் தாராளம்."

"தலைக்கு மேல நாலு விரல், காலுக்குக் கீழ நாலு விரல் விட்டிருக்கேன்" என்றான் பட்டறைக்காரன்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. திரும்பி வந்தபோது கரி பாதி அணைந்திருந்தது.

கேன்காரருக்கு அவன் ஒரே பையன். கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் தண்ணீர் கேன் போடுவது அவர் தொழில். கேன் இல்லாத நேரத்தில் கம்பி, குழாய் என்று லோடும் அடிப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூட லீவில் அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கேன் தூக்கிப் போனவன், கைப்பிடி வைக்காத ஒரு மாடிப்படியிலிருந்து கேனோடு விழுந்தான். அப்போது பதினைந்து வயது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கை கொஞ்சம் வேலை செய்யும். வாய் முழுசாக வேலை செய்யும். படுத்த இடத்துக்கே சோறு வருகிறது, தண்ணீர் வருகிறது, துடைத்துவிட வெந்நீர் வருகிறது, நான் துரை இல்லாமல் வேறு யாரு என்று அவனேதான் அந்தப் பேரை வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் போட்ட பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நாளாயிற்று.

அவன் அம்மா தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். பகல் முழுக்கத் துரையைப் பார்த்துக்கொண்டது அவளுடைய தங்கை. துரைக்குச் சித்தி. கல்யாணம் ஆகாமல் நாற்பதைத் தாண்டியவள். அவனைப் புரட்டிப் போடுவதும் துடைப்பதும் பவுடர் போடுவதும் அவள்தான். பெற்றவள் கையைவிட அவள் கைதான் அந்த உடம்பில் அதிகம் பட்டது. அப்பேர்ப்பட்டவளை, பெண்டாட்டியை இழந்த ஒரு பஸ் கண்டக்டர் வந்து பெண் கேட்டார். நல்ல மனுஷன். சந்தே சந்தோஷப்பட்டது. சந்தோஷப்பட்ட கையோடு எல்லோரும் துரை படுத்திருக்கிற ஜன்னலைத் திரும்பிப் பார்த்தோம்.

அம்மா வேலையை விட்டால் வாடகையும் மருந்தும் நிற்கும். அப்பா வண்டியை விட்டால் அடுப்பே நிற்கும். புண்ணுக்குக் கட்டுப் போட வருகிற நர்சம்மா மூன்றாவது வழி ஒன்று சொன்னாள். ஊருக்கு வெளியே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் இருக்கிறது, ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, மாசக் கடைசிக்குள் சொன்னால் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். சுத்தமான இடம், ஆட்களும் நல்லவர்கள். கேன்காரருக்கு அந்தப் பேச்சே ஆகாது. "புள்ளைய வெச்சுப் பாக்க வக்கில்லாதவனா நான்?" என்று நர்சம்மாவிடமே கத்திவிட்டு, பிறகு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நாலாம் நாள் அவருக்கு இந்த யோசனை வந்தது. வீட்டில் ஆள் இல்லையென்றால் என்ன, வண்டி இருக்கிறதே! பின்தட்டை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் கேன், ஒரு பாதியில் படுக்கை. மேலே கூரை, பக்கத்தில் திரை. டிரைவர் கேபினின் முதுகுத் தகரத்தில் ஒரு ஜன்னல் வெட்டிவிட்டால் பேசிக்கொண்டே போகலாம். நாளெல்லாம் பையன் அப்பாவோடு ஊர் சுற்றுவான். சாயங்காலம் அம்மா கம்பெனி வாசலில் வண்டி நிற்கும், அவளும் ஏறிக்கொள்வாள். மூணு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வருவார்கள். அளவெடுத்த அன்று சாயங்காலம் இதை என்னிடம் விவரமாகச் சொன்னபோது அந்த மனுஷன் கண் அப்படி மின்னியது. பாவி, நானும் நம்பினேன்.

மறுநாள் சித்தியின் கல்யாணப் புடவையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒரு அறையும் சமையலுக்கு ஒரு இடுக்கும். ஜன்னலோரம் கட்டில். துரை எப்போதும்போல ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, இரண்டு முட்டிக்கும் நடுவே தலையணையோடு கிடந்தான். இடுப்பில் கைலி. மூணு வருஷமாக அவன் பேன்ட் ஒன்றுகூட என் மேஜைக்கு வந்ததில்லை. கைலிக்கு இஸ்திரியும் கிடையாது, அளவும் கிடையாது.

"அத்தை, இங்க வாங்க" என்று கையாட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரெக்ஸின் என்ன கலர்?"

"எந்த ரெக்ஸின்?"

"நடிக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரியும். கூரை போடுறாங்களாமே? ஜன்னல் வேற வெட்டுறாங்களாம்?"

"யாருடா சொன்னது?"

"யாரு சொல்லலை? சந்துல போறவன் வர்றவன் எல்லாம் ஜன்னல்ல எட்டிப் பாத்து, 'துரை, உங்கப்பா உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு'ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லிட்டுப் போறான்."

சமையல் இடுக்கிலிருந்து சித்தி சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பாகிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க அத்தை. பாவம், ராவெல்லாம் தூங்காம சிரிச்சுக்கிட்டே படுத்திருக்காரு. நான் வாயைப் பொளந்து ஆச்சரியப்படணும். ஒத்திகை பாத்து வெச்சிருக்கேன்." வாயைப் பிளந்து காட்டினான். "போதுமா?"

"கொஞ்சம் ஓவர்."

"சரி, கொறைச்சுக்கிறேன். கலர் சொல்லுங்க."

"பச்சை."

"பச்சையா! காய்கறி வண்டின்னு கை காட்டி நிறுத்தப் போறாங்க." கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே தெரிந்த வானத்துண்டைப் பார்த்தான். "ஆனா அத்தை, நெசமாவே ஓடுமில்ல? இல்லேன்னா என்னை அந்த எடத்துக்குத்தானே..."

"ஓடும்டா. உங்கப்பன் கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டறைக்காரன் இளைச்சே போயிட்டான்."

அப்பாவும் பிள்ளையும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரி நடித்த அழகு அப்படி. அதனால்தான் அந்த வீட்டில் யாரும் ஒரு டேப்பை எடுத்து அந்தக் கட்டிலோரம் நீட்டவில்லை. அம்மாவின் கைப்பையில் டேப் எப்போதும் இருந்தது. நாளெல்லாம் ஊரான் கழுத்துக்கு அளவு பார்க்கிறவள் அவள்.

பட்டறையில் வேலை நடந்த நாட்களில் மழைக்கு முந்தின புழுக்கம். காற்று இலையைக்கூட அசைக்காது. பட்டறைக்காரன் மூஞ்சிக்கு மூடியைப் பிடித்துக்கொண்டு குழாய்களைப் பற்றவைப்பான். பொறி பறந்து சந்து வரைக்கும் விழும். வெள்ளைச் சட்டைகள் இருக்கிற நாளில் நான் அவனைக் கண்டபடி திட்டுவேன். அவன் மூடியை விலக்கி, "உங்க கரியைவிட என் பொறி சுத்தம்கா" என்பான். கேன்காரர் காலையில் கேன் போட்டுவிட்டு நேரே அங்கே வந்துவிடுவார். ஒரு டீயும் ஒரு பன்னும்தான் மத்தியானச் சாப்பாடு. குழாய் முனையெல்லாம் அவரே அரம் போட்டு மழுங்க வைத்தார். "அவனுக்குக் குத்தினாலும் தெரியாது. நாமதான் பாத்துக்கணும்" என்று ஒவ்வொரு ஓரத்தையும் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்பார்.

கேபின் தகரத்தில் ஜன்னல் வெட்டினார்கள். கூரைக்கு வளைவுக் கம்பி, அதன் மேல் தார்ப்பாய். படுக்கையின் கால்களைத் தட்டோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள், குலுங்கக் கூடாது என்று. மெத்தைக்கு இரண்டு அடுக்கு ஸ்பாஞ்சு, அதற்கு மேல் பச்சை ரெக்ஸின். கேன்கள் சரிந்து மேலே விழாமல் நடுவே ஒரு தடுப்பு. சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்த அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி, தலையணை வைக்கிற இடத்தைத் தட்டிப் பார்த்தாள்.

"திரைக்கு நான் துணி தைக்கிறேன்" என்றாள். "வெயில் எந்தப் பக்கம் படும்?"

"காலையில இடப்பக்கம், சாயங்காலம் வலப்பக்கம்" என்றார் கேன்காரர்.

"அப்ப ரெண்டு பக்கமும் தைக்கிறேன். நான் எங்க உக்காருறது?"

"சாயங்காலம் கேன் எல்லாம் காலியா இருக்கும். நீ அது மேல மகாராணி மாதிரி உக்காரு."

"ஆமா, மகாராணிக்குக் காலி கேன்தான் சிம்மாசனம்" என்றாள். ஆனால் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துரையை இறக்கினார்கள். முந்தின ராத்திரி முதல் மழை பெய்து சந்து முழுக்கச் சேறு. கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தவனை ஒரு கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் போட்டு, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். தலைமாட்டில் கேன்காரரும் பட்டறைக்காரனும். கால்மாட்டில் எதிர்வீட்டு ஆட்கள் இரண்டு பேர். சந்து முழுக்க வாசலில் நின்றது. நானும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றேன்.

வாசலில் முதலில் தலை வந்தது. தோள் வந்தது. இடுப்பு வந்தது. அதற்குப் பிறகு கால் வந்துகொண்டே இருந்தது. கால்மாட்டுக்காரர்கள் வெளியே வருவதற்குள் கேன்காரர் சேற்றில் பின்பக்கமாகவே நடந்து என் மேஜையில் வந்து இடித்துக்கொண்டார்.

எல்லோரும் அந்தக் காலையே பார்த்தோம். துரை மட்டும் ஒத்திகை பார்த்தபடி வாயைப் பிளந்தான். "அப்பா! என்னப்பா இது! எனக்கா?"

"உனக்குத்தான்டா, துரை" என்றார் கேன்காரர். குரல் உடைந்தது. அப்போதுகூட அவர் எதையும் கவனிக்கவில்லை.

தட்டில் ஏற்றினார்கள். தலை கேபின் தகரத்தில் முட்டியது. கால் மெத்தை முடிந்து, தட்டு முடிந்து, அதற்கு மேலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்கதவை மூட வந்த பட்டறைக்காரன் கதவைப் பிடித்தபடியே நின்றான்.

"கொஞ்சம் மேல ஏத்துங்கடா" என்றார் கேன்காரர்.

"தலை இடிக்குதுண்ணே."

"தலையணையை எடு."

"எடுத்துட்டேன்ணே."

மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். மூலைக்கு மூலை குறுக்காகப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருத்தர் சொன்னார். அப்படிப் போட்டால் ஆள் பிடிக்கும், ஒரு கேன்கூடப் பிடிக்காது. படுக்கையோ தட்டோடு பற்றவைத்தது.

அம்மா பையனின் காலருகே நின்றுகொண்டிருந்தாள். யாரையோ கேட்கிற மாதிரிக் கேட்டாள். "இவன் எப்போ இவ்ளோ வளர்ந்தான்?"

"யாரு?" என்றான் துரை, கூரையைப் பார்த்தபடி. "யாரும்மா வளர்ந்தது?"

"நீதான்டா."

"நானா?" கண் விரிந்தது. இது ஒத்திகை பார்த்த ஆச்சரியம் இல்லை. அவன் தன் காலை நீட்டிக் கண்ணால் பார்த்தே மூணு வருஷம் ஆயிற்று. "நெசமாவா? எவ்ளோம்மா? டேப் வெச்சிருக்கியே, அளந்து சொல்லு!"

அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒரு முனையை உச்சியில் பட்டறைக்காரன் பிடித்தான். குதிகால் வரைக்கும் கொண்டுவந்து, குனிந்து பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

"அஞ்சடி பதினொண்ணு."

"ஐயோ!" என்று கத்தினான் துரை. "அஞ்சடி பதினொண்ணா! அத்தை, கேட்டீங்களா? ஊர்ல இருக்குற எங்க மாமா உசரம் வந்துட்டேன்! அப்பாவைவிட எவ்ளோ ஜாஸ்தி? அப்பா, நீ என் பக்கத்துல நின்னா உன் தலை எனக்கு எங்க வரும்?"

கேன்காரர் கிட்டே வந்தார். பையனின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். துரை தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்ற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். சிரிப்பு மெதுவாக நின்றது.

"ஓ" என்றான். "எடம் பத்தலையா?"

"போர்வை சுருங்கிப் போச்சுன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. "தொவைச்சுத் தொவைச்சுச் சுருங்கிடுச்சுன்னு கீழ ஒரு துண்டு சேத்துத் தைச்சேன். போன வருஷமும் ஒரு துண்டு சேத்தேன். சுருங்குறது போர்வைன்னுதான்..." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தாங்க முடியவில்லை எனக்கு. சேற்றில் விழுந்திருந்த ஒரு துணிக் கிளிப்பைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஆனாலும் துரை விடவில்லை. "முட்டியை மடக்கி வெச்சு ஒரு ரவுண்டு போலாம்பா. இவ்ளோ தூரம் வந்துட்டு எறங்குறதா?" படுக்கை ஒடுக்கம் என்பதால் வீட்டில் கிடப்பதுபோல் ஒருக்களிக்க முடியாது. மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியைக் குத்துக்காலிட்டு, பெல்ட் போட்டு, பின்கதவை மூடினார்கள். கதவு மூடியதும் எல்லோர் முகத்திலும் கொஞ்சம் உயிர் வந்தது. அம்மா கேன் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். வண்டி சேற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். துரையின் வாய் ஓயவில்லை. பாலத்தில் தண்ணீர் எவ்வளவு போகிறது, பழைய பள்ளிக்கூடத்துக்கு என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள், சிக்னலில் பக்கத்து வண்டியிலிருந்து ஒரு பெண் இவனைப் பார்த்துச் சிரித்தாளாம், இவனும் சிரித்தானாம். "அப்பா ஜன்னல் வழியா பேசிக்கிட்டே வந்தாரு அத்தை. மழைத் தண்ணி மூஞ்சியில தெறிச்சுது!"

வண்டிக்கடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கேன் ஒழுகுகிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் நிறம் தெரிந்தது.

"தம்பி, கதவைத் தொறங்க" என்றேன்.

திறந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் கால் தானாக இழுத்துக்கொண்டு உதைத்திருக்கிறது. முட்டி நீள இடம் இல்லை. குதிகால் பின்கதவின் கொண்டியில் இடித்து இடித்து, தோல் உரிந்து, சதை தெரிந்தது. அரம் போட்டுத் தடவிப் பார்த்த ஓரங்களில் அது ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது. அங்கே கால் வரும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"என்னத்தைப் பாக்குறீங்க எல்லாரும்?" என்றான் துரை, சிரித்தபடி. "எனக்கு ஒண்ணும் இல்லையே?"

நர்சம்மா வந்து கட்டுப் போட்டாள்.  போகும்போது கோபத்தோடு சொன்னாள்: "காலை நீட்டி, குலுங்காம படுக்கணும். இந்தப் புண்ணு ஆறவே மாசக்கணக்காகும். தெனமும் ரோட்டுல இந்த இழுப்போட போனா ஒண்ணு போக ஒண்ணு வரும். அப்புறம் கால் இருக்காது."

பட்டறைக்காரன் பின்னால் ஒரு பலகையை நீட்டிப் பார்த்தான். பாரம் பின்னால் போனதும் மேட்டில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கேனைக் குறைத்தால் எழும்பவில்லை; கேனைக் குறைத்தால் பிழைப்பு இல்லை. நாலு சக்கர வண்டி வாங்கு என்று சொல்ல எல்லோருக்கும் வாய் இருந்தது. மூணாம் நாள் பட்டறைக்காரன் கையிலிருந்த சுத்தியலைப் போட்டுவிட்டு என் மேஜையருகே வந்து உட்கார்ந்தான். "சாண் ஏறினா முழம் சறுக்குதுக்கா" என்றான். அன்றைக்கு அவன் வேறு எந்த வேலையும் தொடவில்லை.

அன்று சாயங்காலம் நான் துணி கொடுக்கப் போனபோது சித்தி, கேன்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "நான் போகலை மாமா. அவருகிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னே?" கட்டிலிலிருந்து துரைதான் கேட்டான்.

"வேணாம்னு."

"போய் வேணும்னு சொல்லிட்டு வா."

"நீ சும்மா இருடா."

"சித்தி, உனக்கு ஒரு மாப்பிள்ளை கெடைக்க நாப்பது வருஷம் ஆச்சு. எனக்குக் கட்டில் ஒரே மாசத்துல கெடைச்சிருக்கு. யாரு அதிர்ஷ்டக்காரன் சொல்லு? நீ இங்க இருந்தா தெனமும் உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்து நான் செத்துருவேன். நெசமாத்தான் சொல்றேன்." அப்புறம் அப்பாவிடம் திரும்பினான். "அங்க சொல்லிடுப்பா. கட்டில் நீளம் மட்டும் கேட்டுக்கோ."

 சித்தி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கேன்காரர் எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். வாசலில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது.

"மூணு வருஷமா தெனமும் தூக்குறேன்கா" என்றார். "மடக்கி மடக்கித் தூக்குறேன். கனம் தெரிஞ்சுது. கனமாயிட்டான், கனமாயிட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நீளம் தெரியலை."

  

சித்தி, கண்டக்டரோடு போய்ப் பதிவு செய்துகொண்டு வந்து துரையிடம் இனிப்பைக் கொடுத்தாள். அதற்கு மறுவாரம் அவனுக்குக் கிளம்புகிற நாள். இல்லத்திலிருந்து வேன் அனுப்புகிறோம் என்றார்கள். துரை ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்குன்னு செஞ்ச வண்டி இருக்குறப்ப நான் ஏன் அடுத்தவன் வண்டியில போகணும்?"

பின்கதவைத் தாழ இறக்கி, சங்கிலியில் மட்டமாக நிறுத்தி, அதன்மேல் இரண்டு தலையணை போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்தார்கள். கேன் இருக்க வேண்டிய பாதியில் அம்மாவும் துணி மூட்டையும். பிள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அவள் தைத்த திரை, வெயில் படுகிற பக்கம் பார்த்துத் தொங்கியது. நன்றாகத்தான் தைத்திருந்தாள்.

கேன்காரர் கேபினில் ஏறப் போனார்.

"அப்பா, இரு" என்றான் துரை. "சரக்கு வெளிய நீட்டிக்கிட்டிருந்தா செவப்புத் துணி கட்டணும்ல?"

கேன்காரர் அப்படியே நின்றார்.

"கம்பி ஏத்துறப்ப நீதானே கட்டுவே? இல்லேன்னா புடிச்சுருவாங்கப்பா. அத்தை, உங்ககிட்ட செவப்புத் துணி இருக்கா?"

என் மேஜை விரிப்பு சிவப்புதான். பழசு, அங்கங்கே பெட்டி சுட்ட கறை. ஓரத்தைப் பல்லில் கடித்து ஒரு துண்டு கிழித்தேன். கொண்டுபோய்க் கேன்காரரிடம் நீட்டினேன். வாங்கினார். அந்தக் காலருகே வந்து நின்றார். கைதான் போகவில்லை. எத்தனை கம்பிக்கு, எத்தனை குழாய்க்குக் கட்டிய கை! அம்மா மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு இறங்கி வந்தாள். அவர் கையிலிருந்து துணியை வாங்கிப் பாதத்தருகே கொண்டுபோனாள்.

"கட்டை விரல்ல வேணாம்மா" என்றான் துரை. "அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

சங்கிலியில் கட்டினாள். இறுக்கி இரண்டு முடிச்சு. திரும்ப ஏறி, அவன் முட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வண்டி நடக்கிற வேகத்தில் போயிற்று. சந்து முனையில் திரும்பும்வரை அவன் ஏதோ பேசிக்கொண்டே போகிற சத்தம் கேட்டது. கேபின் ஜன்னலிலிருந்து பதில் வந்ததாகத் தெரியவில்லை.

நான் பெட்டியை எடுத்தேன். ஒரு சட்டையைத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கருகல் வாசனை வந்த பிறகுதான் பார்த்தேன்.

இருட்டுகிற நேரத்துக்கு வண்டி திரும்பி வந்து பட்டறை வாசலில் நின்றது. அம்மா மட்டும் இறங்கி, என்னைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். கேன்காரர் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு அவள் தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்து கேபினை எட்டிப் பார்த்தாள். பின்பக்கம் போனாள். நானும் போனேன்.

பச்சை ரெக்ஸினில் மல்லாந்து கிடந்தார். தலைக்கு மேல் நாலு விரல், காலுக்குக் கீழ் நாலு விரல். சங்கிலியில் என் மேஜைத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்க" என்றாள் அவள். "வந்து ஒரு வாய் சாப்பிடுங்க."

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குச் சரியா இருக்குடி."

அவள் சொம்பைத் தட்டின் மேல் வைத்தாள். அவர் காலை மெல்லத் தொட்டுவிட்டு, பின்கதவைத் தூக்கிக் கொண்டியை மாட்டினாள். கதவு மூடியது.